எட்டாவது கோழி

"ஏழு கோழியை வீணாக்கிட்டேன் தங்கச்சி. இதுதான் கடைசி."

முத்துப்பேச்சி வீட்டு வாசலில் நின்று, பிச்சாண்டி கக்கத்தில் இருந்த கோழியைக் கீழே விடாமலே சொன்னார். ரயில்வே கேட்டில் முப்பது வருஷம் கொடி பிடித்து ஓய்ந்த மனிதர். அவர் மனைவி வடிவு போன சித்திரையில் கண்ணை மூடினாள். புறவாசலில் அவள் வளர்த்த எட்டுக் கோழிகளை விட்டுப் போயிருந்தாள்.

முட்டை நின்ற கோழியை அடித்து வடிவு வைக்கும் குழம்பு ஒன்று உண்டு. அந்த ருசி இன்னும் ஒரே ஒரு தடவை நாக்கில் பட்டுவிடாதா என்று, அவர் ஒவ்வொரு கோழியாக அடித்து வைத்துப் பார்த்தார். படவில்லை.

முத்துப்பேச்சி கோயில் கொடை விழாக்களுக்குச் சமைப்பவள். அவரைவிட இருபது வயது இளையவள்; ஆனாலும் சமையலுக்கு அவளைத்தான் குருவாக வைத்திருந்தார். எப்பேர்ப்பட்ட கிழட்டுக் கோழியும் அவள் பேச்சைக் கேட்டு வேகும் என்பார்கள்.

"முதக் கோழியை எப்படி வச்சிய அண்ணாச்சி?"

"குக்கர்ல. அஞ்சு விசில். செருப்பைக் கடிச்ச மாதிரி இருந்துச்சு."

"ரெண்டாவது?"

"மண்சட்டியில. அதுவும் வேகல. பெறவு, தேங்காச் சிரட்டைத் துண்டு ஒண்ணு போட்டு வேக வைங்கன்னு நீதான சொன்ன? மூணாவது பஞ்சா வெந்துட்டு."

"அப்புறம் என்ன குறை?"

"குழம்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா எல்லாம் தின்னு முடிச்ச பெறவு, கடைசியா நாக்குல ஒண்ணு நிக்கும். அது வரல."

"கடைசியாவா?"

"கடைசியாத்தான்."

முத்துப்பேச்சி கோழியை வாங்கிக்கொண்டாள்.

"இன்னைக்கு இங்க வைங்க" என்றாள்.

அவரே வைத்தார். ஓலை நெருப்பில் வாட்டி, மஞ்சள் பூசி, மல்லியும் வத்தலும் மிளகும் அம்மியில் அரைத்து, விறகடுப்பில் மூன்று மணி நேரம். அவள் கரண்டியைக்கூடத் தொடவில்லை.

வாசம் எழும்பியதும் பிச்சாண்டி முதல் ஆளாக இலை போட்டு உட்கார்ந்தார்.

"எந்திங்க அண்ணாச்சி. எல்லாருக்கும் விளம்புங்க."

"நானா?"

"சட்டி உங்க கையிலதான இருக்கு."

முத்துப்பேச்சியின் மாமியார் வந்து உட்கார்ந்தாள். புருஷன் உட்கார்ந்தான். கொடைக்கு அண்டா ஏற்ற வந்த இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

ஈரல் மாமியார் இலைக்குப் போனது. கால் இரண்டும் அண்டாக்காரர்களுக்கு. நெஞ்சுக்கறியைப் புருஷன் பார்த்த பார்வையில், கேட்காமலே வைக்க வேண்டியதாயிற்று.

வடிவின் கடைசிக் கோழி, கண் முன்னால், யார் யார் இலையிலோ காலியாகிக்கொண்டிருந்தது. பிச்சாண்டி, குருவாவது மண்ணாங்கட்டியாவது என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே ஊற்றினார்.

"இன்னும் ரெண்டு கரண்டி" என்றார் அண்டாக்காரர் ஒருவர்.

ஊற்றினார். வேறென்ன செய்வது?

நாலு இலையும் மடங்கின. சட்டியில் ஒரு கழுத்தெலும்பும், அடியில் பிடித்த மசாலாவும் கிடந்தன.

"எனக்கு?" என்றார்.

முத்துப்பேச்சி இரண்டு கை சோற்றை அள்ளிச் சட்டியில் போட்டு, சட்டியை அவர் முன்னால் வைத்தாள்.

"பெரட்டுங்க."

சட்டியைச் சுற்றி வழித்துப் பிரட்டினார். ஓர் உருண்டை உருட்டி வாயில் போட்டார்.

மென்ற வாய் நின்றுவிட்டது.

"இதுதான்! தங்கச்சி, இதேதான்!"

சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்து வழிந்தது.

"சாப்பிட்டுக் கை கழுவிட்டு அடுப்படிக்குப் போவேன். வடிவு சட்டியை மடியில வச்சுப் பெரட்டிக்கிட்டு இருப்பா. இந்தாங்கன்னு ஓர் உருண்டையை என் கையில வைப்பா. கோழி வச்ச ஒரு நாளும் தவறாது. கல்யாணம் ஆன மறுவாரத்துல இருந்து!"

முத்துப்பேச்சி அவரைக் கொஞ்ச நேரம் அழவிட்டாள்.

"சட்டியில எத்தனை உருண்டை வரும் அண்ணாச்சி?"

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு. மொத்தம் ரெண்டு."

"அவ சட்டியிலயும் ரெண்டுதான வந்திருக்கும்?" என்றார்.

மிச்சச் சோற்றை வழித்து உருட்டினார். கை பாதி தூரம் வந்து நின்றது. மடங்கிய நாலு இலைகளைப் பார்த்தார். கரண்டி கழுவிக்கொண்டிருந்தவளைப் பார்த்தார்.

"நீ சாப்பிட்டியா தங்கச்சி?"