மௌன நேரத்து இருமல்

"நான் கிளம்புறேன்மா" என்றார் வேலப்பன்.

பழைய லாரி டிரைவர். போன மாதம் மடத்தில் சேர்ந்த அன்றே பீடியை விட்டவர். மடத்தை நடத்தும் பரிமளம் அம்மாவைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் அவருக்குச் சீடர்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். துறவுக்கு முன் நெஞ்சக நோய் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர்.

"ஏன்?"

"இருமல். எல்லாரும் மௌனமா உட்கார்ந்திருக்க, நான் மட்டும் குரைக்கிறேன். பீடி குடிச்சப்போகூட இப்படி இருமினதில்ல. ஒண்ணு இழுத்தா நின்னுடும்னு தோணுது."

அந்த ஒன்று வேட்டி மடிப்பில் ஏற்கெனவே தயாராக இருந்தது. மறைத்துவிட்டதாக அவருக்கு நினைப்பு. நர்ஸ் மூக்குக்குத் தெரியாதா?

"எக்ஸ்ரே பார்த்து டாக்டர் என்ன சொன்னார்?"

"பயமில்லைன்னார். எனக்குத்தான் நம்பிக்கை வரல."

அம்மா கீரையைக் கீழே வைத்தார்.

"மூச்சுக்குழாய் உள்சுவர்ல கண்ணுக்குத் தெரியாத ரோமங்கள் இருக்கு. தூசியையும் சளியையும் மேலே மேலே தள்ளிக்கிட்டே இருக்கும். லீவே கிடையாது. புகை பட்டா மயங்கிடும்."

"மயங்கினா?"

"அழுக்கு உள்ளேயே தங்கிடும். சத்தமே இருக்காது."

வேலப்பனுக்குத் தன் நெஞ்சை நினைத்தே பாவமாக இருந்தது.

"இப்போ அதுங்க?"

மௌன மணி அடித்தது. அம்மா எழுந்து போய்விட்டார்.

மௌனத்தில் சத்தம் வந்தால், சத்தம் போட்டவர் வெளியே போய்விட வேண்டும். மடத்தின் வழக்கம் அது. வைத்தவரே அம்மாதான்.

வேலப்பன் கதவோரம் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் தொண்டை அரித்தது. துண்டை வாயில் அடைத்துக்கொண்டு எழுந்தார். இந்தமுறை போனால் திரும்பி வரப்போவதில்லை.

தோளில் ஒரு கை விழுந்து அவரை உட்கார வைத்தது.

மௌனத்தின்போது இடத்தைவிட்டு அசையாத அம்மா, அவருக்குப் பின்னால் வந்து உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையைக் குவித்து, அவர் முதுகில் கீழிருந்து மேலாக மெல்லத் தட்டினார்.

"எல்லாருக்கும் இடைஞ்சல்மா..."

"உள்ளே புகையில மயங்கிக் கிடந்தவங்க எழுந்து வேலைக்கு வந்திருக்காங்க" என்றார் அம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி. "சத்தம் வரட்டும்."

வேலப்பன் மடிப்பிலிருந்த பீடியை எடுத்து அம்மாவின் கையில் வைத்தார். பிறகு வாய்விட்டு இருமினார்.