பொட்டலத்தில் வந்த மாப்பிள்ளை

யோசிக்கிற விஷயத்தில் வெள்ளந்திபுரத்துக்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. மழை வந்தால், புதுக்குடை நனைந்துவிடுமே என்று சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு ஓடுகிற ஊர் அது. அங்கேயே கெட்டிக்காரர்கள் என்று பெயர் வாங்கிய மூன்று பேர் கல்யாணப் பத்திரிகைக் கடை வைத்திருந்தார்கள். தளவாய் முதலாளி. சோணாசலமும் பூதப்பாண்டியும் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். கடைக்கு அதுதான் பலம், அதுதான் வியாதி.

கடையில் லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. ஒருநாள் பூதப்பாண்டி அதில் பாட்டுக் கேட்கிற செயலியைப் புதுப்பித்தான். உடனே பத்திரிகை போடுகிற செயலி படுத்துவிட்டது. ஆவுடையப்பன் மகள் மரகதத்தின் கல்யாணப் பத்திரிகை அப்படியே பாதியில் நின்றது.

"வெள்ளிக்கிழமை முகூர்த்தம், தளவாய். அத விட்டா ஆடி பொறந்துரும். மாப்பிள்ளையும் துபாய்க்குப் போயிருவாரு. எம்மவ கல்யாணம் உம்ம கையிலதான்வே இருக்கு!" என்று ஆவுடையப்பன் அழாத குறையாகச் சொன்னார். பாவம், அவர் போயிருக்க வேண்டிய கடை வேறு.

கம்ப்யூட்டர் மெக்கானிக் ஜெபராஜ் வந்து பார்த்தார். "ரெண்டு செயலியும் ஒரே சாமானைப் பங்கு போட்டுக்கிட்டு ஓடிருக்கு. ஒண்ணுக்காக அத மாத்தவும் இன்னொண்ணு விழுந்துட்டு. இனிமே ஒவ்வொரு செயலியையும் தனித்தனிப் பொட்டலமா போட்டுத் தாரேன். தனக்கு வேண்டியதெல்லாம் உள்ளேயே வச்சிருக்கும். பொதுச் சாமானத் தொடாது. வெளிய எதத் தொடணும்னாலும் ஒவ்வொண்ணுக்கும் நீங்க அனுமதி குடுக்கணும்."

"குறை ஏதும் உண்டா?" என்றார் தளவாய்.

"இடத்த அடைக்கும். தொறக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும்."

செயலி நிதானமாகத் திறந்தது. அதுவரை மூவரும் கைகட்டி எழுந்து நின்றார்கள். பிறகு மரகதத்தின் போட்டோவைச் சேர்க்கப் பார்த்தால், அது செயலியின் கண்ணில் படவில்லை. சோணாசலம் ஆல்பத்தைத் தூக்கித் திரைக்கு நேரே பிடித்து, "நல்லாப் பாரும், இதான் பொண்ணு" என்றான். பூதப்பாண்டி டார்ச் அடித்தான். கடைசியில் ஜெபராஜ் போனில் சொல்லிக்கொடுத்தபடி போட்டோ இருந்த இடத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்தார்கள். பத்திரிகை ஜோராக வந்தது. பாட்டுச் செயலியும் பாடியது.

ஆவுடையப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. "மாப்பிள்ளைய அவர் ஊர்லேர்ந்து கூட்டியாற பொறுப்பும் உங்களுக்குத்தான். பத்திரமா வந்து சேரணும்" என்று சொல்லிவிட்டார். சந்தோஷத்தில் மனுஷனுக்குப் புத்தி மட்டு.

மூவரும் கூடி ஆலோசித்தார்கள்.

"பத்திரம்னா பொட்டலந்தாம்லே" என்றார் தளவாய். "மாப்பிள்ளைக்கு என்னென்ன வேணும்?"

"நாற்காலி. அப்புறம் இட்லி" என்றான் பூதப்பாண்டி.

"இட்லின்னா சட்னி வேணுமே."

"சட்னிக்கு அம்மி வேணும்."

"அம்மிதான் மண்டபத்துலயே கெடக்கே அண்ணாச்சி?" என்றான் சோணாசலம்.

தளவாய் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது பொதுச் சாமான்லே. தொட்டா கல்யாணம் படுத்துரும்."

பெரிய மரப்பெட்டி ஒன்று செய்தார்கள். நாற்காலி, இட்லி, அம்மி, அம்மியில் அரைக்க ஒரு சமையல்காரர், அவருக்கு வெற்றிலைச் செல்லம் எல்லாம் உள்ளே போயின. மாப்பிள்ளை முத்துசிவம், வெயில் படாத வண்டி போலிருக்கிறது என்று நம்பி ஏறி உட்கார்ந்தார். மூடி ஆணி அடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை பெட்டி மண்டபத்து வாசலில் நுழையவில்லை. "இடத்த அடைக்கும்னு முன்னமே சொன்னாவளே" என்று நிலையைப் பெயர்த்து உள்ளே கொண்டுவந்து, மணவறையில் மரகதத்துக்குப் பக்கத்தில் இறக்கினார்கள்.

"எங்கவே மாப்பிள்ளை?" என்று அலறினார் ஆவுடையப்பன்.

"என்னைய வெளிய விடுங்க!" என்றது பெட்டி.

"மொத்தமா கேட்டா விடக் கூடாது, மாப்பிள்ளை. என்ன வேணுமோ ஒவ்வொண்ணாக் கேளும்" என்றார் தளவாய்.

முகூர்த்தம் முடியப்போகிறது என்று ஐயர் கத்தினார். மாப்பிள்ளை பதறிப்போய், "கையையாவது விடுங்கய்யா, தாலியக் கட்டித் தொலைக்கேன்!" என்றார்.

"கைக்கு அனுமதி!" என்றார் தளவாய். சோணாசலம் பெட்டியில் இரண்டு ஓட்டை அறுத்தான். இரண்டு கைகள் வெளியே வந்தன. ஐயர் தாலியைக் கொடுத்தார். கெட்டிமேளம் முழங்கியது. ஓட்டை ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கச் சோணாசலம் குனிந்தான். கைகள் தடவிப் பார்த்து, கழுத்து கிடைத்த திருப்தியில் ஒரு முடிச்சுப் போட்டன. பின்னால் நின்ற நாத்தனார், கண்ணீரில் எதுவும் தெரியாமல், வழக்கப்படி மற்ற இரண்டு முடிச்சையும் இறுக்கிவிட்டாள்.

அட்சதை விழுந்த பிறகுதான் சபை பார்த்தது. தாலி சோணாசலம் கழுத்தில் கிடந்தது.

ஆவுடையப்பன் மயங்கி விழுந்தார். "அடப்பாவி! கண்ணு தெரியாதாடா?" என்று பெட்டியைப் பார்த்துக் கேட்டார் ஐயர்.

"அவர் கண்ணுக்கு அனுமதி கேக்கலையே" என்றார் தளவாய்.

"அந்தத் தாலிய அவுத்து எங்கிட்டக் குடுங்க. பெட்டிய ஒடச்சு நானே கட்டிக்கிடுதேன்" என்று மரகதம் எழுந்தாள்.

"அவசரப்படாதம்மா. தப்பாப் போயிட்டா மொத்தத்தையும் நீக்கிட்டு, மறுபடி மொதல்லேர்ந்து போடணும். ஜெபராஜ் எப்பவும் அப்படித்தான் செய்வாரு" என்ற தளவாய், பூதப்பாண்டியைக் கொண்டு பெட்டியை லாரியில் ஏற்றினார். திரும்ப மாப்பிள்ளையின் ஊருக்கே கொண்டுபோய் இறக்கி, அங்கிருந்து புதிதாக அழைத்து வரவேண்டுமாம்.

லாரி கிளம்பியது. ஓட்டைகளில் இரண்டு கைகளும் 'காப்பாற்றுங்கள்' என்று ஆடின.

அதைப் பார்த்ததும் சோணாசலத்துக்குத் துக்கம் பொங்கிவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தாலியை மார்போடு அணைத்தபடி, லாரிக்குப் பின்னால் ஓடினான்.

"கையக் கையக் காட்டிக் கூப்பிடுதாரே! என்னங்க... நில்லுங்க, நானும் வாரேன்!"