பின்வரிசை ரொட்டி

“சாமி, ஒரு ரொட்டிக்காக என் சம்சாரம் வீட்டை விட்டுப் போயிட்டாளுங்க.”

பொன்னுரங்கம் இதைச் சொன்னபோது மடத்து வாசலில் அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அவர்களில் இரண்டு பேருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

சாமி சிரிக்கவில்லை.

“என்ன ரொட்டி?” என்று கேட்டார்.

சாமிக்கு வயது நாற்பது. பொன்னுரங்கத்துக்கு அறுபத்திரண்டு. காவி கட்டுவதற்கு முன்பு சாமி டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஊருக்கு அவர் கண்டக்டர் சாமிதான். பொன்னுரங்கம் நூல்மில்லில் முப்பத்திரண்டு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு வருஷமாகச் சாமியிடம் வந்துபோகிறார். சாமி எதைச் சொன்னாலும் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு போவார். எழுதியதை வீட்டில் போய் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது.

“பேக்கரி ரொட்டிதானுங்க. எனக்கு வயித்துப்புண். காலையில ரெண்டு பேருக்கும் ரொட்டியும் பாலும்தான்.”

“சரி.”

“நேத்து வித்தது போக மிஞ்சின ரொட்டிய அவங்க காலையில தனித் தட்டுல வைப்பாங்க. பாதி விலை. நான் அதுலதான் வாங்கறது. ஒண்ணுக்கு ரெண்டா வாங்கிருவேன்.”

“நல்லதுதான.”

“நல்லதுதானுங்களே! அதத்தான் நானும் சொல்றேன்.”

பொன்னுரங்கம் உற்சாகமாகிவிட்டார். பின்னால் நின்றவர்களையும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“வாங்கினதும் பாக்கெட் மேல தேதி எழுதிருவேன். அலமாரியில புதுச பின்னால வைப்பேன், பழச முன்னால இழுப்பேன். முன்னால இருக்கறது முதல்ல போவணும். மில்லுல ஒரு போல்ட்டு, ஒரு பெல்ட்டு வரிசை மாறி வெளிய போனதில்லீங்க என் காலத்துல.”

“அப்ப நீங்க சாப்பிடறது என்னைக்கு ரொட்டி?”

பொன்னுரங்கம் மனசுக்குள் கணக்குப் போட்டார்.

“மூணு நாள் ஆனதா இருக்குமுங்க.”

“அம்மா ஏன் போனாங்க?”

“வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனவ வர்ற வழியில பேக்கரியில நின்னு ஒரு ரொட்டி வாங்கியாந்துட்டாளுங்க. அப்பத்தான் அடுப்புல இருந்து எறக்கினது. முழு விலை. அதக்கூட நான் ஒண்ணும் சொல்லலீங்க.”

“என்ன பண்ணினீங்க?”

“தேதி எழுதிப் பின்னால வெச்சேன். முன்னால இருந்தத எடுத்து அவளுக்குக் குடுத்தேன்.”

வாசலில் இப்போது யாரும் சிரிக்கவில்லை.

“அவ ஒண்ணுமே பேசலீங்க. செருப்பப் போட்டுக்கிட்டு அவங்கண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. நேத்து அவர் வந்து அவ துணிமணியெல்லாம் எடுத்துட்டுப் போயிட்டாரு. இனி வரமாட்டாளாமுங்க.”

கடைசி வாக்கியத்தில் அவர் குரல் உடைந்தது. கல்யாணமான இந்த முப்பத்தொரு வருஷத்தில் அவர் சம்சாரம் வசந்தாமணி ஒரு நாள் கூடக் கோபித்துக்கொண்டு போனதில்லை. எப்படிக் கூப்பிடுவது என்றே மனுஷனுக்குத் தெரியவில்லை.

சாமி கேட்டார்.

“அந்தச் சூட்டு ரொட்டி என்ன ஆச்சு?”

“ஞாயித்துக்கிழமை முறை வந்துச்சுங்க. சாப்பிட்டேன்.”

“எப்படி இருந்துச்சு?”

“ரொட்டியாட்டந்தான் இருந்துச்சு.”

சாமி தலையை ஆட்டினார்.

“எனக்கு ஒரு ரொட்டி வேணும். இன்னைக்குச் சுட்டது. நாளைக்கு வரும்போது கொண்டாங்க.”

பொன்னுரங்கம் நோட்டை எடுத்து, ‘ரொட்டி ஒன்று, அன்று சுட்டது’ என்று எழுதிக்கொண்டார். வசந்தாமணியைப் பற்றிச் சாமி எதுவும் சொல்லவில்லையே என்பது பாதி வழி போன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

*

மறுநாள் ஒரு ரொட்டியைக் கொண்டுவந்து சாமியின் முன்னால் வைத்தார்.

சாமி அதை எடுத்துப் பார்த்தார். ஒரு தடவை அழுத்தினார். உள்ளே போன குழி அப்படியே நின்றது.

“இது இன்னைக்குச் சுட்டதா?”

“நேத்து ராத்திரிக்கும் இன்னைக்குக் காலைக்கும் என்னங்க பெரிய வித்தியாசம்? மாவு ஒண்ணு, உப்பு ஒண்ணு. பாதி விலைக்குக் கிடைக்கறத விட்டுட்டு முழு விலை குடுக்கறதுக்குக் கை வரலீங்க.”

“சாப்பிட்டுப் பார்த்துத்தான் சொல்றீங்களா?”

“எத?”

“இன்னைக்குச் சுட்டத.”

பொன்னுரங்கம் வாயைத் திறந்தார். எட்டு வருஷமாக ரொட்டி தின்கிறவர். பேக்கரிக்காரர் பெயர், அவர் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம், அடுப்புக்கு எங்கிருந்து விறகு வருகிறது என்பது வரைக்கும் அத்துபடி. அன்று சுட்ட ரொட்டியின் ருசி மட்டும் தெரியாது.

“இல்லீங்க” என்றார்.

சாமி அந்த ரொட்டியைப் பின்னால் நின்ற ஒருவருக்குக் கொடுத்தார். அவர் அங்கேயே பிரித்துத் தின்ன ஆரம்பித்தார்.

“நாளைக்குக் கொண்டாங்க” என்றார் சாமி.

*

அடுத்த நாள் பொன்னுரங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு முழு விலை கொடுத்தார்.

பேக்கரிக்காரர் பதறிப்போனார். “வீட்டுக்கு யாராச்சும் விருந்தாளிங்களா?”

“சாமிக்கு” என்றார். வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், குளித்து, வேட்டி மாற்றி, ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டு மடத்துக்கு வந்தார். நடையில் ஒரு மிடுக்கு இருந்தது. சும்மாவா, நாற்பது ரூபாய் ரொட்டி.

பையிலிருந்து எடுத்துச் சாமியின் கையில் கொடுத்தார்.

சாமி பாக்கெட்டைத் திருப்பி, மேலே எழுதியிருந்த தேதியைச் சத்தமாகப் படித்தார்.

முந்தாநாள் தேதி.

“இருக்காதுங்க” என்றார் பொன்னுரங்கம். வாங்கிப் பார்த்தார். அவருடைய கையெழுத்துத்தான். ஏழு என்கிற எண்ணின் குறுக்கே அவர் போடும் கோடு கூட இருந்தது.

“வீட்டுல வேற யாரு இருக்காங்க?” என்று கேட்டார் சாமி.

“யாரும் இல்லீங்க. நான் மட்டுந்தான்.”

“அப்ப இத மாத்தினது யாரு?”

பொன்னுரங்கம் நினைத்துப் பார்த்தார். குளிக்கப் போகும் முன் புது ரொட்டியை அலமாரியில் வைத்தது நினைவுக்கு வந்தது. பேனாவை எடுத்ததாக நினைவில்லை. பழைய பாக்கெட்டை முன்னால் இழுத்ததாக நினைவில்லை. கிளம்பும்போது எதை எடுத்தார் என்பதும் நினைவில்லை.

வலது கையை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவருக்குப் பயமாக இருந்தது.

“இது நான் சொல்லிச் செய்யலீங்க” என்றார்.

“தெரியுது.”

“இந்தக் கையி இப்படி வேற எதையெல்லாம் பின்னால வெச்சிருக்குதுன்னு தெரியலீங்களே.”

நோட்டை எடுக்கப் போன பொன்னுரங்கம் அதைப் பாதியிலேயே மறுபடி பையில் போட்டுக்கொண்டார்.

*

நான்காம் நாள் பொன்னுரங்கம் ஏழரை மணிக்கெல்லாம் பேக்கரி வாசலில் நின்றார். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய ரொட்டியைப் பேப்பரில் சுற்றி வாங்கினார். பாதி விலைத் தட்டில் இரண்டு பாக்கெட் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தார், நகர்ந்தார்.

வீட்டுப் பக்கமே போகவில்லை. பையிலும் போடவில்லை. கை மாற்றி, கை மாற்றி, ஊதிக்கொண்டே மடத்துக்கு ஓடிவந்தார்.

“சாமி, இந்தாங்க!”

சாமி பேப்பரைத் தொட்டுப் பார்த்தார். விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

“நல்லா சுடுது” என்று சிரித்தார் சாமி.

“சாப்பிடுங்க.”

“எனக்கு ரொட்டி ஒத்துக்காது.”

பொன்னுரங்கத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சாமி என்றும் பார்க்கவில்லை.

“அப்புறம் எதுக்குங்க மூணு நாளா என்னை அலைய விட்டீங்க?”

சாமி ரோட்டைப் பார்த்தார்.

“உங்க மச்சினன் வீடு எந்த ஸ்டாப்பு?”

“இங்கிருந்து நாலாவதுங்க.”

“எட்டேகால் வண்டி வருது. அதை விட்டா அடுத்தது ஒம்பதே முக்காலுக்குத்தான். அதுக்குள்ள ஆறிரும்.”

பொன்னுரங்கம் ரொட்டியைப் பார்த்தார். சாமியைப் பார்த்தார். பிறகு அறுபத்திரண்டு வயதை மறந்து ரோட்டுக்கு ஓடினார்.

*

கதவைத் திறந்தது வசந்தாமணிதான். அண்ணனும் அண்ணியும் தோட்டத்துக்குப் போயிருந்தார்கள்.

என்ன பேசுவது என்று பஸ்ஸில் யோசித்து வைத்திருந்ததெல்லாம் அவரைக் கைவிட்டது. ரொட்டியை நீட்டினார்.

அவள் வாங்கினாள். பேப்பரின் சூடு கையில் பட்டதும் அவர் முகத்தை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள்.

“உள்ள வாங்க” என்றாள்.

அந்த இரண்டு வார்த்தையில் பொன்னுரங்கத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் சமையல்கட்டுக்குள் போனாள். பாத்திரச் சத்தம் கேட்டது. பால் காயும் வாசம் வந்தது.

திரும்பி வந்தவள் கையில் பால் டம்ளரும் ஒரு தட்டும் இருந்தன. தட்டில் இரண்டு பன். ஓரமெல்லாம் காய்ந்து வெடித்திருந்தது.

“அண்ணன் திங்கக்கிழமை வாங்கியாந்தது. மொதல்ல இத முடிச்சிரலாமுங்க. அத அப்புறம் பிரிச்சுக்கலாம்.”

பொன்னுரங்கம் அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். குத்தல் இருக்கிறதா என்று தேடினார். இருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அதைச் சொன்னதே அவளுக்குத் தெரியவில்லை. பன்னைப் பிட்டுப் பாலில் நனைக்கக் குனிந்துவிட்டாள்.

அவருக்கு அழுகை வந்தது. ‘எவ்வளவு பெரிய பாவத்தைப் பண்ணி வைத்திருக்கிறேன்’ என்று நினைத்தார். டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். எழுந்தார்.

அடுத்தவர் வீட்டுச் சமையல்கட்டு என்றும் பார்க்காமல் உள்ளே போனார். அலமாரியில் சர்க்கரை டப்பாவை நகர்த்தினார். ரவை டப்பாவை நகர்த்தினார். எல்லாவற்றுக்கும் பின்னால், சுவரை ஒட்டி, பேப்பர் கூடப் பிரிக்காமல் இருந்தது. இன்னும் சூடு போகவில்லை.

கூடத்துக்கு வந்து அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து பேப்பரைக் கிழித்தார். ரொட்டியை இரண்டாகப் பிய்த்தார். ஆவி வந்தது. பெரிய பாதியை அவள் கையில் வைத்தார்.

வசந்தாமணி ரொட்டியைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள்.

“அப்ப இந்தப் பன்னு? கெட்டுப் போயிருமுங்களே.”

“கெட்டுப் போவட்டும் வசந்தா” என்றார் பொன்னுரங்கம்.