ஆந்தை காட்டிய வெள்ளைப் பாதை

காடே இல்லாத ஒரு தேசத்தில், பூமியின் வடக்கு உச்சியில், ஒரு மலைத்தொடர் இருந்தது. மரமில்லை, புதரில்லை, பாறையும் பனியும்தான். அதன் அடிவாரத்தில் ஒரு பனிமான் கூட்டம் வாழ்ந்தது.

அந்த வருடம் குளிர்காலத்தில் மழை பெய்து தொலைத்தது. பெய்த மழை உறைந்து, அவை மேயும் தரைப் பாசியைக் கண்ணாடி போல மூடிவிட்டது. குளம்பால் கொத்தியும் உடையவில்லை. மான்களின் விலா எலும்பை எண்ணிவிடலாம். அப்படி ஒரு பட்டினி.

"மலைக்கு அந்தப் பக்கம் பாசிப் பள்ளத்தாக்கு இருக்கிறதாம். எப்படிப் போவது?" என்று தலைவி மான் தவித்தது.

பனி ஆந்தை ஒன்று தொண்டையைச் செருமிக்கொண்டு வந்து இறங்கியது.

"நானிருக்கக் கவலை ஏன், அம்மணி? இந்த மலையை மூன்று முறை கண்டுபிடித்தவன் நான்! அதோ, அது ஆந்தைச் சிகரம். பக்கத்தில் சின்ன ஆந்தைச் சிகரம். நடுவில் வெள்ளை வெளேரென்று போகிறதே, அதுதான் ஆந்தைப் பெருவழி. மேடு கிடையாது, பள்ளம் கிடையாது. அரை நாள் நடை!"

"நீங்கள் அதில் நடந்திருக்கிறீர்களா, ஐயா?"

"மேலிருந்தே பார்த்தாயிற்று. நடந்து வேறு பார்க்க வேண்டுமாக்கும்!"

"அக்கா, பசி உயிரை வாங்குகிறது. ஐயாவே சொல்கிறார், கிளம்பலாமே" என்று கூட்டம் முனகியது.

கூட்டம் கிளம்பியது. வெள்ளைப் பாதையின் விளிம்பில் தலைவி தயங்கி நின்றது. ஆந்தை நடுப்பாதையில் இறங்கி, இரண்டு காலாலும் குதித்துக் காட்டியது.

"உடைந்ததா? நான் விழுந்தேனா? இன்னும் என்ன சாட்சி வேண்டும்?"

"ஆகா! வாங்க அக்கா, வாங்க!"

தலைவிக்கும் பசிதான். ஒரு குளம்பை வைத்தது. தட்! கெட்டியான தரை. அடுத்ததை வைத்தது. தொம்! அடியில் ஒன்றுமே இல்லாத சத்தம்.

"யாரும் வராதீர்கள்!" என்று பின்வாங்கியது. "ஐயா, நீங்கள் பஞ்சுப் பொதி. நாங்கள் அப்படியா? கிடாக்களே, விளிம்பில் கிடக்கும் அந்தப் பாறையைத் தள்ளுங்கள், பார்ப்போம்."

இரண்டு கிடாக்கள் தலையால் முட்டித் தள்ளின. பாறை நாலு உருளல் உருண்டது. பள்ளத்தை மூடியிருந்த பனி உடைந்து, வெள்ளைப் பாதை வாயைப் பிளந்து அதை விழுங்கிற்று. விழுந்த சத்தம் கேட்க எல்லாம் காத்திருந்தன. வெகுநேரம் கழித்துத்தான் வந்தது.

ஆந்தையின் குரல் இறங்கிவிட்டது. "மேலிருந்து பார்த்தபோது... சமமாகத்தான் இருந்தது, அம்மணி."

"நீங்கள் பொய் சொல்லவில்லை, ஐயா. உங்களுக்கு அது வழிதான்" என்றது தலைவி. பிறகு காற்று பனியைத் துடைத்துவிட்ட மொட்டைப் பாறை முகட்டைப் பார்த்தது. "நாம் அதில் ஏறுவோம். சுற்றுதான், ஆனால் கால் வைக்கும் இடமாவது கண்ணுக்குத் தெரியும்."

"நானும் நடந்தே வருகிறேன்" என்றது ஆந்தை.

மூன்றாம் நாள், பள்ளத்தாக்கில் மான்கள் தலை நிமிராமல் மேய்ந்துகொண்டிருந்தன. ஆந்தை நொண்டி நொண்டி வந்து சேர்ந்து, பொத்தென்று உட்கார்ந்தது.

"அம்மணி, இந்த மலைக்கு இத்தனை உயரம் எப்போது வந்தது?"

நீதி: கண்டவர் எல்லாம் கடந்தவர் ஆகார்.