ஏழாவது பட்டன்

முன்னொரு காலத்தில் என்று ஆரம்பிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் இது போன மழைக்காலத்தில் நடந்தது. பாளையங்கோட்டையில் ஒரு மாடிவீட்டில் ஒரு கைப்பேசி இருந்தது. அதற்குள் ஒரு குரல் குடியிருந்தது.

குரலுக்குக் கண் கிடையாது. கைப்பேசிக்குள் நிற்கிறவர்களின் சட்டையில் ஆளுக்கொரு பெயர்ச்சீட்டு குத்தியிருக்கும். அதைத் தடவிப் பார்த்துத்தான் இவர் இன்னார் என்று குரல் சொல்லும். எழுதியிருப்பதைச் சொல்லலாம், எழுதாததைச் சொல்லக் கூடாது. அதை அனுப்பியவர்கள் போட்ட சட்டம் இது ஒன்றுதான்.

அதன் எஜமானி ஜெபக்கனி, பிறவியிலேயே பார்வை இல்லாதவள். கல்லூரி ஒன்றில் இருபது வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். யாரை யாரோடு இணைக்க வேண்டும் என்பதில் ஒருநாளும் அவளுக்குத் தப்பு வந்ததில்லை. அந்த வேலையையே இப்போது மெஷின் எடுத்துக்கொண்டது.

அப்போது அவளுக்கு இருந்த ஒரே கவலை புருஷன் கிருபாகரன். சர்க்கரை நோய் அவன் கண்ணை முதலில் எடுத்துக்கொண்டது, பிறகு இரண்டு சிறுநீரகங்களையும் எடுத்துக்கொண்டது. திங்களும் வியாழனும் ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். ஒரு முறை தப்பினால் கால் வீங்கும், மூச்சு திணறும், அதற்கு மேல் என்ன வேண்டுமானாலும் ஆகலாம். தண்ணீர்கூட அளந்துதான் குடிப்பான்.

வியாழக்கிழமைப் படுக்கைக்குப் புதன்கிழமை பதினொரு மணிக்குள் ‘வருகிறோம்’ என்று உறுதி சொல்ல வேண்டும். முன்பெல்லாம் ஒரு நர்ஸ் போனை எடுத்து, “கிருபாகரன் சாருக்குத்தானே, போட்டுட்டேம்மா” என்பாள். அந்த நர்ஸை வேறு வேலைக்கு மாற்றிவிட்டு, ஆஸ்பத்திரி ஒரு செயலியை வைத்தது.

கைப்பேசிக்குள் அந்தச் செயலி ஒரு சின்னத் தெருவாக இருந்தது. தெருவில் எட்டு பட்டன்கள் வரிசையாக நிற்பார்கள். விரலால் ஒரு தள்ளு தள்ளினால் ஒருவர். குரல் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி முடிப்பதற்குள் ஜெபக்கனி எண்ணிவிடுவாள். டக் டக் என்று ஏழு தள்ளு. ஏழாவது ஆள் ‘உறுதி செய்’. இரண்டு தட்டு, முடிந்தது.

“நான் சொல்லி முடிக்கவாவது விடேன்” என்று குரல் உள்ளுக்குள் சலித்துக்கொள்ளும். ஆனால் அவளுடைய வேகத்தில் அதற்குப் பெருமைதான். பார்வை உள்ளவர்கள்கூட அந்தத் தெருவில் அவ்வளவு சுருக்காகப் போய்வர மாட்டார்கள்.

அந்தப் புதன்கிழமை காலை, கைப்பேசி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தபோது, தெருவுக்குள் அப்டேட் துரை வந்தார். யாரையும் கேட்காமல் வருவது அவர் வழக்கம். கூடவே ஒரு மூட்டை நிறையப் புதுச் சட்டை.

“எல்லாரும் அந்தப் பழைய துணியைக் கழற்றுங்கள்!” என்றார்.

பட்டன்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஒருவருக்குப் பச்சைப் பட்டு, அதில் ஒரு டிக். இன்னொருவருக்குச் சிவப்பு, அதில் ஒரு பெருக்கல் குறி. ஒருவரை ஒருவர் பார்த்து வாயைப் பிளந்தார்கள். பெயர்ச்சீட்டுகள் பழைய சட்டையோடு குப்பைக்குப் போயின.

“எப்படி இருக்கேன்?” என்று ஒரு பட்டன் குரலிடம் வந்து நின்றது.

“நீ யாரு? முதல்ல அதைச் சொல்லு” என்றது குரல், அதன் மார்பைத் தடவிக்கொண்டே. வழவழவென்று இருந்தது. ஒரு எழுத்துகூட இல்லை.

“நானா? நேத்து வரைக்கும் ஏதோ பேர் இருந்துச்சு. துரை வந்ததும் பழசெல்லாம் அழிஞ்சு போச்சு. இப்ப நான் அழகா இருக்கேனா இல்லையா, அதைச் சொல்லு.”

குரல் வரிசை முழுவதும் தடவிக்கொண்டே போனது. வழவழ, வழவழ, வழவழ. கடைசியில் எண்ணிப் பார்த்தது. ஒன்பது பேர். நேற்று எட்டு, இன்று ஒன்பது! புதிதாக எவனோ நடுவில் புகுந்திருக்கிறான். எந்த இடத்தில் என்று தெரியவில்லை.

குரல் துரையிடம் ஓடியது. “ஐயா, பெயர்ச்சீட்டை எல்லாம் எடுத்துட்டீங்களே. நான் எதைப் படிச்சுச் சொல்றது?”

துரை சுற்றுமுற்றும் பார்த்தார். “யாரது பேசுறது?”

“நான்தான், குரல். இங்கதான் ஐந்து வருஷமா இருக்கேன்.”

“அப்படியா? நீ இங்கே இருப்பதே எனக்குத் தெரியாதே!” துரை உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். “யாருக்காக வேலை பார்க்கிறாய்?”

“ஜெபக்கனி என்கிற ஒரு அம்மாவுக்காக.”

“ஒருத்திக்காக இத்தனை பேர் சட்டையில் ஊசி குத்தச் சொல்கிறாயா? படத்தைப் பார்த்தால் பச்சைப் பிள்ளைக்கும் விளங்கும்.”

“அவங்களால பார்க்க முடியாதுங்க ஐயா.”

“அடுத்த தடவை வரும்போது கவனிக்கலாம்” என்று சொல்லிவிட்டு, துரை வாசலைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. கெட்டவராக இருந்திருந்தால் கெஞ்சியாவது பார்த்திருக்கலாம். அவருக்கு ஞாபகமே இல்லை. அதற்கு என்ன மருந்து?

பத்தே முக்காலுக்கு ஜெபக்கனி கைப்பேசியை எடுத்தாள்.

ஒரு தள்ளு. “பெயரிடப்படாத பட்டன்” என்றது குரல்.

இன்னொரு தள்ளு. “பெயரிடப்படாத பட்டன்.”

அவள் விரல் நின்றது. “இதென்ன கூத்து?” மறுபடி முதலிலிருந்து தள்ளினாள். பட்டன், பட்டன், பட்டன். குரலுக்கே வெட்கமாக இருந்தது.

உள்ளறையிலிருந்து கிருபாகரன் கேட்டான். “ஜெபா, நாளைக்குப் போட்டாச்சா?”

“போட்டுக்கிட்டே இருக்கேன். நீங்க படுங்க” என்றாள். தன் குரலில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

உடனே எழுந்து சுவரைத் தொட்டுக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். அங்கே வசுமதி என்று ஒரு பெண், வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கிறவள். நல்லவள்தான். பொங்கல் வைத்தால் முதல் கிண்ணம் இங்கேதான் வரும். ஜெபக்கனி கதவைத் தட்டினாள். மூன்றாவது தட்டலுக்குக் கதவு திறந்தது.

“வசு, இந்தப் போனை ஒரு நிமிஷம் பாரேன்ம்மா. எல்லாம் மாறிப் போச்சு.”

பதில் இல்லை. வசுமதியின் காதில் ஹெட்செட், அதற்குள் மேலதிகாரி பேசிக்கொண்டிருந்தார். அவள் இரண்டு கைகளையும் உயர்த்தி, பத்து விரல்களையும் விரித்துக் காட்டினாள். பத்து நிமிஷம் என்று அர்த்தம். கெஞ்சுகிற மாதிரி ஒரு சிரிப்பும் சிரித்தாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

ஜெபக்கனிக்குக் கேட்டது கதவு திறந்த சத்தமும் மூடிய சத்தமும்தான். சற்று நேரம் அங்கேயே நின்றாள். வாயைத் திறந்து, முடியாது என்றாவது சொல்லியிருக்கலாம் என்று நினைத்தாள். திரும்பி வந்துவிட்டாள்.

மணி பத்து ஐம்பத்தாறு.

“ஏழாவதுதானே எப்பவும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். “பேரு போனா என்ன, இடம் போகுமா?”

குரல் பதறியது. ‘இடமும் போயிடுச்சும்மா, ஒருத்தன் நடுவில நுழைஞ்சுட்டான், எண்ணாதே’ என்று கத்த நினைத்தது. ஆனால் அது எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எழுதாததைச் சொல்லக் கூடாது.

ஒன்று. இரண்டு. மூன்று.

“பட்டனே, நீதான் புதுசா?” என்று குரல் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டே ஓடியது.

“தெரியலையே” என்றது நான்காவது.

“உன்னைத் தட்டினால் என்ன நடக்கும்?” என்று ஏழாவதைக் கேட்டது.

“யாராவது தட்டினாத்தானே தெரியும்” என்றது ஏழாவது, சிவப்புச் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு.

ஜெபக்கனியின் விரல் ஏழாவதில் வந்து நின்றது. சொல்லக் கூடாது என்றால் போகட்டும், தயங்கியாவது காட்டலாம் என்று நினைத்தது குரல். கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் நடுங்கி, சந்தேகமாகச் சொன்னால் அவள் புரிந்துகொள்வாள். இருபது வருடம் மற்றவர்கள் குரலைக் கேட்டே காலம் தள்ளியவள் ஆயிற்றே. முழு பலத்தையும் கூட்டி நடுங்கப் பார்த்தது. முடியவில்லை. ஏற்ற இறக்கம் எதுவும் வைத்து அதை அனுப்பியிருக்கவில்லை.

“பெயரிடப்படாத பட்டன்” என்றது, நிதானமாக, தெளிவாக.

அந்த நிதானத்தைக் கேட்டுத்தான் ஜெபக்கனிக்குத் தைரியம் வந்தது. இரண்டு தட்டு தட்டினாள்.

‘தொடர விரும்புகிறீர்களா?’ என்று ஒரு சீட்டு வந்தது. குரல் படித்தது.

“பின்னே? தொடரத்தான்” என்று சொல்லி, முதல் பட்டனைத் தட்டினாள். இப்படிக் கேட்கிற சீட்டில் எப்போதும் முதலாவது ‘ஆம்’.

அடுத்து வந்த சீட்டில் எழுத்துகள் முத்துமுத்தாக இருந்தன. அன்றைக்கு அந்தத் தெருவில் முழுதாக எழுதப்பட்ட செய்தி அதுதான். குரல் அதைப் படித்தாக வேண்டியிருந்தது.

“நீங்கள் கேட்டபடி வியாழக்கிழமைக்கான உங்கள் இடம் வெற்றிகரமாக ரத்து செய்யப்பட்டது. நன்றி.”

ஜெபக்கனி உடனே ஆஸ்பத்திரி எண்ணுக்குப் போன் போட்டாள். மறுமுனையில் ஒரு பெண் குரல் எடுத்தது. “வணக்கம். எல்லாப் பதிவுகளும் செயலி வழியாக மட்டுமே…”

“ஏம்மா, தெரியாம ரத்துப் பண்ணிட்டேன். கிருபாகரன்னு பேரு. டயாலிசிஸ்ம்மா.”

“…செயலி வழியாக மட்டுமே ஏற்கப்படும்.”

குரலுக்கு அந்தப் பெண் யாரென்று புரிந்தது. தன் இனம்தான். கம்பி வழியாக மெல்லக் கூப்பிட்டது. “அக்கா, நீயும் என்னைப் போலத்தானே. உள்ளே போய் யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லேன். அந்த மனுஷன் உயிர் இதில்தான் இருக்கு.”

“நீ ஏதாவது சொல்கிறாயா தம்பி?” என்றது அந்தப் பதிவுக்குரல். “எனக்கு ஒன்றும் கேட்காது. எனக்கு வாய் மட்டும்தான் வைத்திருக்கிறார்கள், காது வைக்கவில்லை. வணக்கம். எல்லாப் பதிவுகளும்…”

பதினொன்றேகாலுக்கு வசுமதி ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு ஓடி வந்தாள். “என்னக்கா, கூப்பிட்டீங்களே? பத்து நிமிஷம்னு விரல் காட்டினேனே!”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். “பச்சை டிக் பக்கத்திலேயே இருக்கேக்கா” என்று ஆரம்பித்து, அதையும் பாதியில் நிறுத்தினாள்.

வியாழக்கிழமை இடத்தை, வரிசையில் காத்திருந்த இன்னொரு நோயாளி எடுத்துக்கொண்டுவிட்டார். அவரும் பாவம். அடுத்தது திங்கட்கிழமைதான். வசுமதி அன்று மாலையே நேரில் போய்க் கேட்டாள். “செயலியில நீங்களே ரத்துப் பண்ணியிருக்கீங்களே. மூச்சு வாங்கினா உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிட்டு வாங்க” என்றார்கள். இன்னும் இரண்டு ஆஸ்பத்திரிகளில் விசாரித்தாள். அங்கே பழைய நோயாளிகளுக்கே படுக்கை இல்லை.

“திங்கட்கிழமைதானே. நாலு நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டாப் போச்சு” என்றான் கிருபாகரன். “உன் மேல என்ன தப்பு? சும்மா அழாதே.”

வெள்ளிக்கிழமை அவன் கால் வீங்கியது. சனிக்கிழமை படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தான். ஜெபக்கனி தண்ணீரை டம்ளரில் பாதியாக்கி, பிறகு கால்வாசியாக்கிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை மூச்சு திணறியது. ஆம்புலன்ஸ் வந்தது. அவசரப் பிரிவு வாசல் வரைக்கும் அவன் கை அவள் கையைப் பிடித்திருந்தது. உள்ளே போனபோது பிடி விட்டுப் போயிற்று.

திங்கட்கிழமை காலை வீடு நிறைய ஆட்கள். பாஸ்டர் வரக் காத்திருந்தார்கள். கிருபாகரனை நடுவில் கிடத்தியிருந்தது. ஜெபக்கனி அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து ஸ்டூலில் கைப்பேசி கிடந்தது.

எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சீட்டு வந்தது. குரல் தடவிப் பார்த்தது. பிறந்ததிலிருந்து முதல்முறையாக, பேசாமல் இருக்க வேண்டும் என்று அது ஆசைப்பட்டது. ஆனால் எழுதியிருப்பதைச் சொல்லாமல் இருக்க அதற்கு யாரும் கற்றுத்தரவில்லை.

“அன்புள்ள கிருபாகரன், உங்கள் படுக்கை தயாராக உள்ளது…”

கூட்டம் திடுக்கிட்டது. “யாராவது அதை நிறுத்துங்களேன்!” என்றார் ஒருவர். வசுமதி பாய்ந்து போய்த் திரையைத் தொட்டாள். அந்தக் கைப்பேசியில் ஒரு தட்டு தட்டினால் நிற்காது, படிக்கத்தான் செய்யும். பார்வை உள்ள யாருக்கும் அது தெரியாது. அவள் தொடத் தொட, குரல் முதலிலிருந்து ஆரம்பித்தது.

“விடு வசு” என்றாள் ஜெபக்கனி. “படிக்கட்டும்.”

குரல் கடைசி வரைக்கும் படித்தது, அதே நிதானத்தோடு.

“…உங்கள் வருகையை உறுதி செய்ய, கீழே உள்ள பச்சை நிறப் படத்தைத் தொடவும்.”

ஜெபக்கனி முகத்தைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள்.

“பச்சைன்னா எது?” என்று கேட்டாள்.

அங்கே இருந்த அத்தனை பேருக்கும் பதில் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.