ஒரே பெயரில் இரண்டு படங்கள்

அந்த மடத்தில் சமையலறைக்கு அடுத்த அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஞானம் தேடி வந்தவர்கள்கூட முதலில் அதைத் தேடித்தான் போவார்கள். குருவுக்கு அதில் வருத்தமில்லை. அவருக்கு நாற்பது வயதுதான். சந்நியாசம் வாங்குவதற்கு முன் கம்ப்யூட்டர் வேலைதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மதியம் அதன் முன்னால் சபாபதி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். சீடர்களில் அவர்தான் வயதில் மூத்தவர். அறுபத்தொன்று.

“என்ன அண்ணாச்சி?” என்றார் குரு.

“மூத்தவன் படம் போயிட்டு சாமி.”

படம் வரப்போகிறது என்பது மடத்தில் எல்லோருக்கும் தெரியும். சபாபதியின் ஊரில் ஒரு பழைய ஸ்டூடியோவை மூடினார்கள். முதலாளியின் மகன் பழைய பிலிம்களை ஸ்கேன் செய்து, கேட்டவர்களுக்கு இணைப்பு அனுப்பிவிட்டு, பிலிம்களைக் கொளுத்திவிட்டான். சபாபதிக்கு இரண்டு இணைப்புகள் வந்தன. ஒவ்வொன்றும் ஒரு முறைதான் திறக்கும். ஒன்றில் அவருடைய மூத்த மகன், நான்கு வயதில் காய்ச்சலில் போனவன். இன்னொன்றில் அடுத்த வருடம் பிறந்த இளையவன். மூத்தவனுக்கு இருந்தது அந்த ஒரே படம்தான். அதைப் பார்க்க சபாபதியின் மனைவி வடிவு மூன்று மணி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்.

“முதல் படத்தை இறக்கினேன் சாமி. அவ வந்ததும் சேர்ந்து பாக்கலாம்னு தொறக்கல. ரெண்டாவதை இறக்கும்போது என்னமோ கேட்டுச்சு. சரின்னு அமுக்கிட்டேன். இப்ப சின்னவன் மட்டும்தான் இருக்கான்.”

குரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதல் இணைப்பைத் தட்டிப் பார்த்தார். திறக்கவில்லை. ஸ்டூடியோக்காரர் மகனுக்கு போன் போட்டார். ஸ்கேன் செய்ததையெல்லாம் அவன் நேற்றே அழித்துவிட்டானாம். கடைசியாகக் கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியிலும் தேடினார்.

“அழிச்சிருந்தா இங்க கிடக்கும் அண்ணாச்சி. அதும் மேலயே இன்னொண்ணை வச்சா எங்கயும் இருக்காது.”

சபாபதி தலையில் அடித்துக்கொண்டார். குரு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, மிச்சமிருந்த படத்தின் பெயரைப் படித்தார். கதிரேசன்.

“இது சின்னவர் பேரா?”

“ரெண்டு பேருக்கும் அதான் சாமி. அந்தக் காலத்துல கவர் மேல எழுதினதை ஸ்டூடியோக்காரர் மகன் அப்படியே படத்துக்குப் பேராப் போட்டுட்டான்.”

“ரெண்டு பேருக்குமா?”

“எங்க வழக்கம் அது. ஒரு புள்ளை போயி அடுத்தது பொறந்தா, அந்தப் பேரையே வச்சிருவோம். போனவன் திரும்பி வந்துட்டான்னு.”

குரு மடத்து வேப்பமரத்தின் படம் ஒன்றுக்குக் கதிரேசன் என்று பெயர் மாற்றி, அதே இடத்தில் கொண்டுவந்து வைத்தார். திரையில் ஒரு கட்டம் வந்தது.

“என்ன கேக்குதுன்னு படிங்க.”

சபாபதி கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தார். “இதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. அதை எடுத்துவிட்டு இதை வைக்கவா? இரண்டையும் வைத்துக்கொள்ளவா?”

கடைசி வரியை விரலால் தொட்டார். “ரெண்டையும் வச்சிருக்கலாமா சாமி? நான் படிக்காமப் போயிட்டேனே.”

குரு கட்டத்தை மூடினார்.

“பேரு வைக்கும்போது வீட்டுல யாரும் உங்கள இப்படிக் கேக்கலையா?”

சபாபதி தரையைப் பார்த்தார்.

“வடிவு கேட்டா. இவனுக்கு வேற பேரு வைப்போம், அவன் பேரு அவனுக்கே இருக்கட்டும்னா. அவனேதான் வந்திருக்கான், உனக்கென்ன கிறுக்கான்னு சத்தம் போட்டேன். வீட்டுல இருந்த படத்தையும் எடுத்து ஆத்துல விட்டேன்.”

“அப்புறம்?”

“ஒரு நாள் மூத்தவனைப் புதைச்ச குழி மேட்டுல செடி வைக்கணும்னு வந்து நின்னா. வந்தவனுக்கு எதுக்குடி குழின்னு கேட்டேன். அதுக்கப்புறம் அவ எதுவும் கேக்கல.”

வெளியே பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. சபாபதி எழுந்திருக்கவில்லை. பாவம், பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளை மாதிரி நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“கண்ணாடியை மறக்காம எடுத்துட்டு வாரேன்னு காலையில போன்ல சொன்னா சாமி. நீங்களே சொல்லிருங்க. எனக்கு வாய் வராது.”

“வந்ததும் என்ன கேப்பாங்க?”

“எம்புள்ளை எங்கன்னு கேப்பா.”

குரு எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

“இருபத்தாறு வருஷமா சொல்லாததைச் சொல்லுங்க அண்ணாச்சி. அவன் செத்துப்போயிட்டான்னு சொல்லுங்க.”