யானைக்கு வந்த நோய்

முன்னொரு காலத்தில் தாழைநாடு என்றொரு நாட்டை மகிழ்மாறன் என்ற மன்னர் ஆண்டுவந்தார். அந்த நாட்டில் ஒரு விசித்திர வழக்கம். ஒருவர் எவ்வளவு பெரிய மனிதரோ அவ்வளவு குறைவாக நடப்பார். வணிகர் வண்டியில் போவார், தளபதி குதிரையில் போவார். மன்னருக்கோ கட்டிலை விட்டு இறங்கினால் பல்லக்கு, பல்லக்கை விட்டு இறங்கினால் அரியணை. அவையில் பொய் சொன்னவனுக்குச் சவுக்கடிகூடக் கிடையாது. ஓராண்டு முழுக்கக் காலையும் மாலையும், ஊர் பார்க்கக் கோட்டையைச் சுற்றி நடக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கே பயந்து மானஸ்தர்கள் சிலர் நாட்டைவிட்டு ஓடியிருக்கிறார்கள்.

இப்படி உட்கார்ந்தே ஆண்ட மன்னருக்கு நாற்பத்தைந்து வயதில் நீரிழிவு வந்து சேர்ந்தது. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தும் தாகம் அடங்கவில்லை. சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தது. கையில் பட்ட சின்னக் கீறல் இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. அவையில் வழக்கு நடக்கும்போதே கண் செருகிவிடும்.

இதையெல்லாம் அமைச்சர் சிற்றம்பலம் கவனித்துக்கொண்டே வந்தார். மன்னரும் அவரும் ஒரே ஆசிரியரிடம் ஏடு தூக்கியவர்கள். அரண்மனை வைத்தியர் அவரைத் தனியே அழைத்து உள்ளதைச் சொன்னார்.

“கஷாயம் கொடுக்கிறேன், பத்தியமும் சொல்லியிருக்கிறேன். ஆனால் விறகு வந்து குவிகிறதே தவிர, அடுப்பு எரியவில்லை ஐயா. கைகால் அசைந்தால்தான் இரத்தத்தில் சேர்ந்த சர்க்கரையை உடம்பு செலவழிக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நாழிகை நடக்கச் சொல்லுங்கள். இப்படியே விட்டால் இன்னும் இரண்டு வருஷம் தாங்குவாரா என்பதே சந்தேகம்.”

சிற்றம்பலம் பக்குவமாகத்தான் எடுத்துச் சொன்னார். மன்னருக்குச் சுரீரென்று கோபம் வந்தது. “நான் யாரிடம் என்ன பொய் சொன்னேன், நடப்பதற்கு?” என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பல்லக்கு அதிகாரி அளகேசன் பக்கத்தில்தான் நின்றார். அமைச்சரைக் கண்டாலே அவருக்கு ஆகாது. சும்மா இருப்பாரா? மன்னரை மண்ணில் இறக்கிவிட்டு அந்தப் பல்லக்கில் தாம் ஏறப் பார்க்கிறார் இவர் என்று மன்னரின் காதில் ஓதி, எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தார்.

சிற்றம்பலம் அங்கிருந்து கிளம்பினார். நேரே யானைக்கொட்டிலுக்குப் போய்ப் பாகன் காத்தமுத்துவிடம் வெகுநேரம் பேசிவிட்டு வந்தார்.

பத்து நாள் கழித்து அவையில் எழுந்து நின்றார். பட்டத்து யானை முத்தழகிக்கு உடம்பு சரியில்லை, தினமும் இருவேளை நடக்காவிட்டால் பிழைக்கமாட்டாள், பாகன் கூப்பிட்டால் எழுந்திருக்கவும் மறுக்கிறாள் என்று சொன்னார். மன்னர் பதறிப்போனார். தாயில்லாக் கன்றாக வந்த அந்த யானையை, இளவரசராக இருந்தபோது பால் புகட்டி வளர்த்தவர் அவர்தான்.

பல்லக்கு கொட்டில் வாசலுக்கு வந்ததும் முத்தழகி தொப்பென்று படுத்துக்கொண்டாள். மன்னர் இறங்கி நெற்றியைத் தடவியதும் எழுந்தாள். அவர் நாலடி வைத்தால் அவளும் நாலடி வைத்தாள். அவர் பல்லக்கில் ஏறினாரோ இல்லையோ, மறுபடியும் படுத்துவிட்டாள். எல்லாம் காத்தமுத்து பழக்கியதுதான். நடிப்பிலே அந்த யானை மகா கெட்டிக்காரி.

மன்னர் பாதம் மண்ணில் படலாமா என்று அளகேசன் குறுக்கே வந்தார்.

“முத்தழகி செத்துப்போனால் விஜயதசமிக்கு உம்முடைய முதுகில் ஏறியா ஊர்வலம் போவேன்?” என்றார் மன்னர். அளகேசன் ஒதுங்கிக்கொண்டார்.

முதல் நாள் நாற்பதடிக்கே மன்னருக்கு மூச்சு வாங்கியது. துதிக்கையைப் பிடித்துக்கொண்டு, “உனக்காகத்தான்டி” என்று அவளிடம் முணுமுணுத்தார். சற்றுத் தள்ளி நின்ற சிற்றம்பலம் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் குளக்கரை வரை போனார்கள். அப்புறம் கோட்டை வாசல். பிறகு பகல் சாப்பாடு முடிந்து ஒரு நாழிகை, இரவுச் சாப்பாடு முடிந்து ஒரு நாழிகை. இரண்டு மாதத்தில் தாகம் அடங்கியது, கீறல் ஆறியது, எறும்புகள் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டன. வைத்தியர் கஷாயத்தை நிறுத்தவில்லை, அளவை மட்டும் குறைத்தார்.

பல்லக்கில் சிலந்தி கூடு கட்டியதை அளகேசனால் பொறுக்க முடியவில்லை. ஒருநாள் வைக்கோல்போருக்குப் பின்னால் ஒளிந்து கொட்டிலைக் கவனித்தார். நோயாளி யானை பெரிய மரத்துண்டை உருட்டி உருட்டி விளையாடிக்கொண்டிருந்தது. மறுநாள் அவை கூடியதும் போட்டு உடைத்துவிட்டார்.

அவை மொத்தமும் அமைச்சரைப் பார்த்தது. “உண்மையா?” என்றார் மன்னர்.

மழுப்பியிருக்கலாம். சிற்றம்பலத்துக்கு அது பிடிக்கவில்லை. “உண்மைதான் மன்னா. யானைக்கு நோயே இல்லை, நோய் உங்களுக்கு. உங்களுக்காக நீங்கள் நடக்கமாட்டீர்கள், அவளுக்காக நடப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களை இழக்க எனக்கு மனமில்லை, பொய் சொன்னேன். தண்டனையைக் கொடுங்கள்.”

மன்னர் ஆறிப்போன கீறலைத் தடவிப் பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

“பொய் பொய்தான். அமைச்சர் ஓராண்டு காலையும் மாலையும் கோட்டையைச் சுற்றி நடக்க வேண்டும். அந்தப் பொய்யை இரண்டு மாதம் நம்பிய குற்றத்துக்கு எனக்கும் அதே தண்டனை. சேர்ந்தே நடப்போம்.”

அப்புறம் அளகேசன் பக்கம் திரும்பினார். “யானையின் உடம்பை ஒளிந்திருந்து பார்த்தீர். என் உடம்பை எதிரே நின்றும் பார்க்கவில்லையே ஐயா. போகட்டும், உண்மை சொன்னவருக்குப் பரிசு உண்டு. அந்தப் பல்லக்கை நீரே வைத்துக்கொள்ளும். தூக்குகிற ஆட்களை மட்டும் நான் வேறு வேலைக்கு அனுப்பிவிடுகிறேன்.”

அன்று மாலை அளகேசன் தம் பரிசைத் தாமே இழுத்துக்கொண்டு வீடுவரை நடந்ததை ஊரே பார்த்தது. தாழைநாட்டில் அவ்வளவு தூரம் நடந்த முதல் பல்லக்கு அதிகாரி அவர்தான்.

மறுநாள் காலை தண்டனையைத் தொடங்க மன்னரும் அமைச்சரும் கோட்டை வாசலுக்கு வந்தார்கள். அங்கே, யாரும் கூப்பிடாமலே, முத்தழகி துதிக்கையை நீட்டிக்கொண்டு காத்து நின்றாள்.

அவர்கள் மூவரும் நடந்து போனார்கள். கதையை உட்கார்ந்து கேட்ட நாமும் எழுந்திருப்போம்.